உன் அளவை அழிக்காதே

"சயின்ஸ் எனக்கு வராது." இந்த வாக்கியத்தை இனி உன் வாயால் சொல்லாதே. யார் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? அடர்த்திக் கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறிப் போனதற்காக விடைத்தாளில் விழுந்த சிவப்புக் கோடா? மூலக்கூறுக்கு வரையறை எழுதும்போது விட்டுப்போன ஒரு சொல்லா? பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணா? உன்னை அறிவியலை விட்டு வெளியே தள்ளும் அதிகாரம் இவற்றில் எதற்கும் கிடையாது. அந்த அதிகாரத்தை நீயாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். இன்றைக்கே திரும்ப வாங்கு!

உனக்கு வராதது என்ன? வரையறையை வரி பிசகாமல் ஒப்பிப்பது வராமல் இருக்கலாம். பார்ப்பது வரும். அளப்பது வரும். "இது ஏன் இப்படி?" என்று கேட்பது மூன்று வயதிலேயே வந்துவிட்டது. அறிவியலில் இறங்க வேறு முதல் எதுவும் போட வேண்டாம்.

பள்ளிச் செய்முறை வகுப்பில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். தனி ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று ஸ்டாப் கிளாக்கில் பார்த்துக் குறிக்கிறோம். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும். ஒரு பையனுக்கு 9.3 வருகிறது. உடனே பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கிறான். போன வருஷத்து அண்ணன் ஒருவனின் ரெக்கார்ட் நோட்டு கைமாறி வருகிறது. ரப்பர் வெளியே வருகிறது. 9.3 மறைகிறது, 9.79 பிறக்கிறது. விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற ரீடிங்குகளைப் பின்னாலிருந்து முன்னால் போட்டு நிரப்புகிறான். நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது.

அந்த ரப்பரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 9.3 அந்தப் பையனின் சொத்து. அவன் கை அளந்தது, அவன் கண் பார்த்தது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருக்கலாம். கடிகாரத்தைக் கொஞ்சம் தாமதமாக நிறுத்தியிருக்கலாம். 9.3-க்குள் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் ஊசலை உள்ளும் புறமும் அறிந்தவனாக எழுந்து போயிருப்பான். அழித்ததும் அது போயிற்று. என் கண்ணையும் கையையும் நம்பக் கூடாது, அச்சில் இருப்பதுதான் சரி என்ற பாடம் மட்டும் நெஞ்சில் தங்கிற்று. மேடையேறிப் பேச முடியாதபோதுதான் தன்னம்பிக்கை உடைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அது ஆய்வகத்து மேசையிலேயே உடைந்துவிடுகிறது. ஆசிரியப் பெருமக்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: 9.3 வந்தது என்று எழுதி, ஏன் வந்தது என்றும் தேடி எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

புத்தகத்தோடு ஒத்துப்போகாத அளவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

இங்கிலாந்தில் ரேலி பிரபு என்ற இயற்பியலாளர், வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளப்பதில் ஆண்டுக்கணக்கில் இறங்கியிருந்தார். கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு எடை போடுவார். வாயுவை நிரப்பி மறுபடி எடை போடுவார். வேலை இவ்வளவுதான். நைட்ரஜனை அவர் இரண்டு வழியில் எடுத்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி, மிஞ்சியதை எடுத்தது ஒரு வழி. அம்மோனியாவைச் சேர்த்துப் பெற்றது இன்னொரு வழி. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் நைட்ரஜன்தானே? எடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு இடித்தது.

ஆயிரத்தில் ஒன்று! நம் பையன் இந்நேரம் ரப்பரை எடுத்திருப்பான். பெரிய பெரிய ஆட்களே "சோதனைப் பிழை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். ரேலி என்ன செய்தார் தெரியுமா? 1892-ல் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். எனக்கு இப்படி இடிக்கிறது, காரணம் புரியவில்லை, யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள் என்று உலகத்தின் முன்னால் கேட்டார். கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர், பிரபு வீட்டுப் பிள்ளை, புரியவில்லை என்று அச்சில் சொன்னார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. தன் தராசின் மேல் இருந்த நம்பிக்கை அப்படி.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்த வித்தியாசத்தைக் குறைக்க அவர் முயலவே இல்லை. அதைப் பெரிதாக்கினார்! முதல் முறையில் அம்மோனியாவோடு காற்றும் கலந்திருந்ததால், கிடைத்த நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்தே வந்திருந்தது. காற்றை விலக்கிவிட்டுத் தனி ஆக்சிஜனைப் பயன்படுத்தினார். இடித்தது ஐந்து மடங்கு கூடி, இருநூறில் ஒரு பங்காயிற்று. குடுவை நிறையக் காற்று நைட்ரஜன் 2.310 கிராம். சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 2.299 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம், ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. அந்த 11 மில்லிகிராமுக்குள் ஒரு தனிமம் ஒளிந்திருந்தது. வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து 1894 ஆகஸ்டில் அறிவித்தார்: ஆர்கான். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. மனிதன் தோன்றிய நாளிலிருந்து நெஞ்சுக்குள் போய் வந்துகொண்டிருந்த வாயுவை, ஒரு தராசும் ஒரு பிடிவாதமும் கண்டுபிடித்தன. 1904-ல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

பாடப்புத்தகத்தில் நீ வெறுத்து ஒதுக்கிய அடர்த்திதான் இது. நிறையைப் பருமனால் வகுத்தால் வருவது, அவ்வளவே. ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை நம் உழவர்கள் விதைநெல்லிடம் கேட்கிறார்கள். நீ கிராமத்துப் பிள்ளையானால் பார்த்திருப்பாய். பத்து லிட்டர் தண்ணீர் கொள்ளும் பாத்திரத்தில் ஒரு நல்ல முட்டையைப் போடுகிறார்கள். முட்டை அடியில் படுத்துக் கிடக்கிறது. கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல நிமிர்கிறது. இன்னும் உப்பு. தரையை விட்டுக் கிளம்புகிறது. ஒன்றரைக் கிலோ உப்பு கரையும் தறுவாயில் மேலே வந்து, நாலணாக் காசு அளவுக்குத் தன் தலையை வெளியே காட்டுகிறது. பதம் வந்துவிட்டது. முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைமணியும் மேலே மிதக்கும். அள்ளி எறிய வேண்டியதுதான். அடியில் தங்கிய கனத்த மணிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்து விதைக்கிறார்கள். வெறும் தண்ணீரில் போட்டால் சுத்தப் பதர் மட்டும் மிதக்கும், அரைமணி தப்பித்து அடியில் போய்விடும். அதனால்தான் தண்ணீரின் அடர்த்தியை உப்பால் உயர்த்துகிறார்கள். எவ்வளவு உயர்த்துவது என்று அளந்து சொல்ல ஒரு முட்டை! கருவி உண்டு, அளவுகோல் உண்டு, முடிவு உண்டு. உன் தாத்தா இதைச் செய்தவரானால் அறிவியல் உன் வீட்டுக்குப் புதிது என்று சொல்லாதே.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் மிதப்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பாலில் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி இறங்கும். ஆடையை எடுத்தால் அடர்த்தி ஏறும். இரண்டையும் செய்தவனிடம் லாக்டோமீட்டர் ஏமாறும். அதனால்தான் கொழுப்பையும் தனியாகச் சோதிக்கிறார்கள். ஒரு கருவி எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் கேட்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

சரி, அடர்த்தியைக் கையால் தொட்டுவிடலாம், மூலக்கூறைக் கண்ணால் பார்க்கவே முடியாதே, அதை எப்படி நம்புவது என்கிறாயா? அருமையான கேள்வி. பார்க்காததை நம்பாதே. அளந்து நம்பு.

அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் இருந்தபோது கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். காற்றில் சிலிர்த்துக்கொண்டிருந்த நீர், எண்ணெய் பரவப் பரவ அடங்கிக்கொண்டே போயிற்று. சுமார் அரை ஏக்கர், நம் கணக்கில் ஐம்பது சென்ட். 1774-ல் அது அச்சிலும் வந்தது. இப்போது பென்சிலை எடு. தேக்கரண்டியைக் குறைத்தே மதிப்பிட்டு இரண்டு கன சென்டிமீட்டர் என்று வை. அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர மீட்டர், அதாவது இரண்டு கோடி சதுர சென்டிமீட்டர். இரண்டை இரண்டு கோடியால் வகு. ஒரு கோடியில் ஒரு பங்கு சென்டிமீட்டர், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் அதுதான். அதற்குமேல் மெலிய முடியாமல் எண்ணெய் ஏன் நின்றது? மெலிய அங்கே வேறொன்றும் மிச்சமில்லை. ஒற்றை மூலக்கூறின் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வகுத்தலை வைத்து நீ இப்போது மூலக்கூறின் அளவைத் தொட்டிருக்கிறாய்! பிராங்க்ளின் அந்த வகுத்தலைப் போடாமல் விட்டுவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1890-ல், அதே ரேலி பிரபு இதே மாதிரி சோதனை செய்து படலத்தின் தடிமனைக் கணக்கிட்டார்.

அந்தச் செய்தி ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில், நோயாளிப் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கண்ணில் பட்டது. பெயர் ஆக்னெஸ் பொக்கெல்ஸ். 1862-ல் பிறந்தவர். பெண்கள் பள்ளியோடு படிப்பு முடிந்தது. இயற்பியல் படிக்க ஆசை இருந்தது. அங்கே அப்போது பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. தம்பி படிக்கப் போனான், அக்கா வீட்டில் நின்றாள். நம் வீடுகளுக்கு இந்தக் கதை புதிதா என்ன? தம்பி அனுப்பிய புத்தகங்களைப் படித்தாள். இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே தண்ணீரின் மேற்பரப்பைச் சோதிக்கத் தொடங்கிவிட்டாள். பாத்திரம் கழுவும் நீரில் மிதக்கும் எண்ணெய்ப் பசை, சமையலறையில் நிற்கிற யார் கண்ணிலும் படுவதுதான். அவள் அதை அளக்கப் புகுந்தாள்.

அளக்கும் கருவியைக் கடையில் வாங்கவில்லை. தகரத்தில் ஒரு தொட்டி. எழுபது சென்டிமீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் உயரம். அதில் விளிம்பு வரை தண்ணீர். குறுக்கே ஒரு தகரப் பட்டை, அதன் அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கத்து மேற்பரப்பு சுருங்கும், மறுபக்கம் விரியும். மேற்பரப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அறிய, ஒரு சிறு தராசின் முனையில் ஆறு மில்லிமீட்டர் வட்டத்தகடு. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தகட்டைப் பிய்த்து எடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதுதான் பரப்பு இழுவிசையின் அளவு. பட்டையை இழுத்து மேற்பரப்பின் அழுக்கைத் துடைத்துச் சுத்தமான நீர்ப்பரப்பைப் பெறும் வித்தையும் இதே தொட்டியில் பிறந்தது. எண்ணெய்ப் படலத்தை நெருக்கிக்கொண்டே வந்தபோது வெகுநேரம் இழுவிசை மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட பரப்புக்குக் கீழே போனதும் சட்டென்று விழுந்தது. அந்தத் திருப்பத்தைக் குறித்து வைத்தாள். மூலக்கூறுகள் தோளோடு தோள் முட்டி நிற்கத் தொடங்கும் இடம் அதுதான் என்பது பின்னால் தெளிவாயிற்று.

1891 ஜனவரியில் ரேலிக்குத் தன் மொழியிலேயே, ஜெர்மனில், கடிதம் எழுதினார். பட்டம் இல்லை, சிபாரிசு இல்லை, முகமறிந்த பழக்கம் இல்லை. கையில் அளவுகள் இருந்தன. ரேலியின் மனைவி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ரேலி அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வைத்தார். 1891 மார்ச் 12 இதழில் அது வெளிவந்தது. சமையலறைத் தொட்டியின் அளவுகள், உலகத்தின் முதல் வரிசை அறிவியல் இதழில்! பின்னாளில் அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் அதே வகைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி ஆராய்ந்தார், 1932-ல் நோபல் பெற்றார். அதே 1932-ல்தான், எழுபது வயதில், ஆக்னெஸுக்கு அவருடைய ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ரொம்பத் தாமதம். ஆனால் அவர் அந்தப் பட்டத்துக்காகத் தொட்டி முன் நிற்கவில்லை.

அந்த வழி அதோடும் நிற்கவில்லை. 1950-களில் ஜான் கிளெமென்ட்ஸ் இதே மரபில் வந்த ஒரு தொட்டியில் நுரையீரல் சாற்றைப் பரப்பி, பரப்பு இழுவிசையை அளந்தார். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் பொருள் ஒன்று அதில் இருப்பது தெரிந்தது. 1959-ல் மேரி எல்லன் ஏவரி, மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் போதுமான அளவு இல்லை என்று காட்டினார். இன்றைக்கு அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அதை மருந்தாகவே மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். ஒரு தகரத் தொட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார்!

இதைப் படித்துவிட்டு "அவர் மேதை, நான் சாதாரணம்" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். சி. வி. ராமனுக்கும் நாம் இதைத்தான் செய்தோம். மேதை என்று சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அவர் பத்து ஆண்டு நிதித்துறை அதிகாரியாக உத்தியோகம் பார்த்ததையும், கல்கத்தாவில் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் உழைத்ததையும் மறந்துவிட்டோம். மேதை என்று சொல்லிவிட்டால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையே!

தம்பி, தங்கையே, உனக்கு இன்று மாலையே வேலை வைக்கிறேன். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூளை மெல்லத் தூவு. சோப்புத் தொட்ட விரலால் நடுவில் தொடு. தூள் விளிம்புக்குப் பாய்ந்து ஓடும். வீடியோவில் இதை ஆயிரம் பேர் மாயமாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீ அங்கே நிற்காதே. அதே தண்ணீரில் மறுபடி தூவி மறுபடி தொடு. இம்முறை ஓட்டம் பிடிக்காது. ஏன்? தண்ணீரை மாற்று. தட்டை நன்றாக அலசு. சோப்பில்லாத விரலால் தொட்டுப் பார். சுடுதண்ணீரில் பார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது செய்த வேலை என்று உனக்கே தெரியாது. சோதனை முறை என்று புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பதன் உயிர்நாடி இந்த ஒழுங்குதான். அமிலம், நெருப்பு, மின்சாரம் பக்கம் தனியாகப் போகாதே. தண்ணீரும் உப்பும் எண்ணெயுமே உனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

பார்ப்பதையெல்லாம் எழுது. மனசில் இருக்கிறது என்று விடாதே. 1785-ல் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலிருந்த நைட்ரஜனையெல்லாம் மின்பொறியால் நீக்கப் பார்த்தபோது, நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி மட்டும் நீங்காமல் நின்றது. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, ரேலியும் ராம்சேயும் அந்தப் பழைய வரிகளைப் புரட்டினார்கள். அந்தக் குமிழிதான் ஆர்கான். கேவண்டிஷ் வெட்கப்பட்டு அந்த வரியை விட்டிருந்தால்?

ஆகவே ஒரு நோட்டு வாங்கு. மதிப்பெண்ணுக்குக் காட்டும் ரெக்கார்ட் நோட்டு வேறு, இது வேறு. பேனாவால் எழுது, பென்சில் வேண்டாம். தப்பென்று தோன்றினால் ஒரே கோடு போட்டு அடி, அடியில் இருப்பது படிக்கக் கிடைக்கட்டும். ஒரே அளவை மூன்று தடவை எடு. மூன்றும் ஒன்றாக வராது. மூன்றையும் எழுது. எவ்வளவு விலகுகின்றன என்று பார். உன் கையின் துல்லியம் எவ்வளவு என்பது அப்போது உனக்கே தெரியும். அது தெரிந்தபின் புத்தகத்தோடு மோதும் ஓர் எண் வந்தால், நீ தலைகுனியவும் வேண்டாம், மார் தட்டவும் வேண்டாம். நான்காவது தடவை அள.

அந்த நோட்டின் முதல் பக்கத்துக்கு என் கேள்வி இது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்பு கரைய மறுக்கும் மட்டும் போட்டுக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு ஐஸ்கட்டியை மிதக்கவிட்டு, அதன்பின் விளிம்பு ததும்ப அந்தந்தத் தண்ணீரையே ஊற்றி நிரப்பு. ஐஸ் முழுவதும் உருகும்போது எந்த டம்ளர் வழியும்? ஒன்றா, இரண்டுமா, எதுவுமே இல்லையா? எந்த டம்ளரில் ஐஸ் முதலில் கரைந்து முடியும்? விடையை நான் சொல்லப்போவதில்லை. யாரிடமும் கேட்காதே, செல்போனிலும் தேடாதே. உன் ஊகத்தைக் காரணத்தோடு இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. டம்ளர்களுக்கு அடியில் காய்ந்த தட்டு ஒன்று வை. பிறகு ஐஸைப் போடு.